அண்ணியின் கார் கொதித்த நாள்

என் வீட்டுக்காரருக்குக் கை ரொம்ப நல்ல கை. வாய்தான் சரியில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது.

அவர் கார் மெக்கானிக். எங்கள் கட்டடத்தில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு வழியாக எண்ணெய் வாடை உள்ளே வரும், என் குரல் வெளியே போகும். வண்டி விட வருகிறவர்களுக்கு இரண்டும் பழகிப்போய்விட்டது.

அவருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் 'பொறுங்க'. வண்டிக்காரர் இறங்கி இன்ன கோளாறு என்று வாயைத் திறந்தால் போதும், கையை உயர்த்தி "பொறுங்க" என்பார். பானெட்டைத் திறந்து, தலையைச் சாய்த்து, இஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்பார். அதுவரை எல்லாம் அழகு. அதற்கப்புறம்தான் அர்ச்சனை ஆரம்பமாகும். கோளாறு வந்ததற்கு வண்டிக்காரர்தான் காரணம் என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்காமல் ஸ்பேனரை எடுக்க மாட்டார். டாக்டராக இருந்தாலும் சரி, போலீஸ்காரராக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். இத்தனை வாங்கிக் கட்டிக்கொண்டும் ஜனங்கள் ஏன் வருகிறார்கள் என்றால், அவர் சரிபார்த்து அனுப்பிய வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததே இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். கட்டிக்கொண்டவள் நான், பெருமைப்பட எனக்கில்லாத உரிமையா.

அவருடைய அக்காவும் வண்டிதான் ஓட்டுகிறார். எனக்கு நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் போன பிறகு ஒரு பேக்கிங் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார். கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் நடந்து வருவார். அப்புறம் ஒருநாள் யாரிடமும் கேட்காமல் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரி நர்ஸ் பெண்கள் இரண்டு பேரை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது நிரந்தர சவாரி. நடுவில் கிடைக்கிற சவாரி தனி. அந்த ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் அண்ணியின் முதுகு நிமிர்ந்தது. கண்ணால் பார்த்தவள் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட அண்ணி, அன்று காலையில் பட்டறைப் பக்கம் வராமல் பக்கவாசல் வழியாக நேரே அடுப்படிக்கு வந்தார். வந்தவர் பின்னறையை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அறையில் பழைய கியர் பெட்டியும் உடைந்த பம்பர்களும் கூரை வரை அடைந்து கிடக்கும். மனிதர் நுழைய வழி இல்லை.

"இதை ஒதுங்க வெச்சா ஒரு கட்டில் போடலாமா?" என்றார்.

எனக்குத் திக்கென்றது. "யாருக்கு அண்ணி?"

"எனக்குத்தான். காரை வித்துடப் போறேன். இஞ்சின் போச்சாம். புரோக்கர் இன்னிக்கு மத்தியானம் இங்க வந்து பார்க்கறேன்னு சொல்லிட்டாரு. வண்டி இல்லாம அந்த வீட்டு வாடகையை நான் எப்படிக் கட்டறது?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நானும் அண்ணியும் தனித்தனி வீட்டில் இருக்கும்வரை உயிருக்குயிர். ஒரே அடுப்படியில் இருந்தால் உப்பு டப்பாவை எங்கே வைப்பது என்பதிலேயே உறவு முறிந்துவிடும். அது அவருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் பயந்தது அதற்கு இல்லை. அந்த அறையைப் பார்த்த அவர் முகத்தில் சண்டை போடுகிற தெம்பே இல்லை. பழையபடி கம்பெனிக்கும் போய்க்கொள்வதாகச் சொன்னபோது, கால் வலி இப்போதே வந்துவிட்டது போலக் குனிந்து முழங்காலைத் தடவினார். எனக்குத் தாங்கவில்லை.

கதவைத் திறந்து, "ஏங்க, உங்க அக்கா காரை விக்கப் போறாங்களாம்," என்று கத்தினேன்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "எதுக்கு?"

"கொதிக்குதுடா. இஞ்சின் போச்சுன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?"

"வழியில நின்னப்ப ஒருத்தர் பானெட்டைத் திறந்து பார்த்துட்டுச் சொன்னாரு."

"வழியில போறவன் சொன்னா அது இஞ்சினுக்குத் தெரியுமா? தம்பின்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், என் அக்கா காருக்கு எவனோ ஒருத்தன் சாவு தேதி குறிக்கறான். சாவியைக் குடு." வாங்கிக்கொண்டவர் வாசலில் நின்று திரும்பினார். "வேற யாராவது இதுல கை வெச்சாங்களா?"

"இல்லை," என்றார் அண்ணி. சட்டென்று, கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

அண்ணி முந்தின ராத்திரி எங்கள் தெருமுனையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்த காரை இவர் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். ராத்திரி முழுக்க நின்றிருந்த வண்டி என்பதால் இஞ்சின் ஆறியிருந்தது. அதனால் தைரியமாக ரேடியேட்டர் மூடியைக் கழற்றினார். சூடாக இருக்கும்போது அதைத் தொட்டால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், தொட வருகிறவன் கையை அவரே தட்டிவிடுவார். தண்ணீர் கழுத்து வரை இருந்தது, எண்ணெய்ப் படலம் இல்லை. இஞ்சின் ஆயிலைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் கலந்து பாலாக மாறவில்லை. மூடியைத் திறந்து வைத்தபடியே இஞ்சினை ஓடவிட்டார். தண்ணீரில் குமிழி எதுவும் கிளம்பவில்லை. சைலன்சர் புகையும் சுத்தம்.

"இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு," என்றார். "தண்ணியும் ஆயிலும் கலக்காம தடுக்கற ஹெட் கேஸ்கட் போயிருந்தா இதுல ஒண்ணாவது காட்டிக் குடுத்திருக்கும். இஞ்சின் போச்சுன்னவனை என் முன்னாடி கொண்டுவந்து நிறுத்துங்க."

அண்ணி பட்டறை ஓரத்தில் கிடந்த பழைய கார் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

மூடியைப் போட்டுவிட்டு இஞ்சினைச் சூடேற விட்டார். ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயைத் தொட்டார், அப்புறம் கீழ்க் குழாயை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சூடேறின. தண்ணீர் நன்றாகச் சுற்றி வருகிறது என்று அர்த்தம். இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கொஞ்சம் ஏறியதும் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற ஃபேன் தானாகவே விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது.

"ஃபேனும் சுத்துது," என்றார். குரலில் முன்னிருந்த சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது.

காரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெளிவட்டச் சாலையில் வேகமாக ஓட்டினால் முள் பாதியிலேயே நின்றதாம். திரும்பி மார்க்கெட் தெருவுக்குள் நுழைந்து, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போனால் முள் விறுவிறுவென்று சிவப்புக் கோட்டைத் தொட்டதாம். நிற்கும்போது ஏ.சி.யிலும் வெதுவெதுப்பான காற்றுதான். ஓரம்கட்டி, ஆறவிட்டு, மெதுவாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

"வண்டி ஓடறப்ப எதிர்க்காத்து ரேடியேட்டரை ஆத்துது. நின்னா ஆத்த ஆள் இல்லை. அது ஃபேனோட வேலை. ஃபேன்தான் சுத்துதே," என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

ரேடியேட்டரில் தூசி அடைத்திருக்கும் என்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். பூச்சி இறக்கையும் மண்ணும் கொஞ்சம் வந்தன. மறுபடி ஓடவிட்டார். மறுபடி முள் ஏறியது. இஞ்சினை அணைத்தார், ஆறவிட்டார், மறுபடி ஓடவிட்டார். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தார், ஃபேனுக்குக் கரண்ட் அனுப்பும் ரிலேயைத் தட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது, கார் மட்டும் கொதித்தது. அந்த மனுஷன் திருதிருவென்று விழித்து நான் பார்த்ததே இல்லை. அன்று விழித்தார். ஆனால் அசரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"பொறு. பிடிச்சுடுவேன்," என்றார் என்னைப் பார்த்து. நான் எதுவும் கேட்கவே இல்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டியது. கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. புரோக்கர் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்கிற வீம்பு. சரி என்று தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் பக்கவாட்டில் நின்று இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். நான் காருக்கு முன்னால், மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி போய் நின்றேன்.

நின்றதும் அடுப்பு வாயைத் திறந்த மாதிரி குப்பென்று அனல் அடித்தது. என் முந்தானை பின்னால் பறந்தது.

"ஏங்க, உங்க அக்கா கார் என்மேல ஊதுது," என்றேன்.

"தள்ளி நில்லு, ஃபேன் ஓடுதில்ல," என்றார் தலையைத் தூக்காமல்.

"ஃபேன் எனக்குப் புதுசா? இந்தப் பட்டறையில எத்தனை கார் முன்னாடி நின்னிருப்பேன். எதுவும் இப்படி என் மூஞ்சியில ஊதினதில்லை."

அவர் தலை மெதுவாக மேலே வந்தது. என்னைப் பார்த்தார், என் முந்தானையைப் பார்த்தார். அப்புறம் என் கையில் இருந்த தட்டைப் பிடுங்கி அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டு, அங்கே கிடந்த பழைய செய்தித்தாளில் ஒரு தாளை உருவி, காரின் முன் கிரில்லில் வைத்துக் கையை எடுத்தார். தாள் பறந்து போய் அண்ணி காலடியில் விழுந்தது.

"அடக் கடவுளே," என்றார். இன்னொரு தாள் எடுத்தார், அதுவும் பறந்தது.

பக்கத்தில் வேறு வேலைக்காக நின்ற காரை ஓடவிட்டு, அதன் ஃபேன் சுற்றியதும் அதே தாளை அதன் முன்னால் வைத்தார். தாள் ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாரு," என்று என்னிடம் காட்டினார். "ஃபேன் முன்பக்கத்துக் காத்தை ரேடியேட்டர் வழியா உள்ள இழுக்கணும். இது தலைகீழாச் சுத்துது. இஞ்சின் அனலையே எடுத்து ரேடியேட்டர் மேல ஊதுது. ஊர்ந்து போறப்ப எதிர்க்காத்தையும் சேர்த்து மறிச்சுடுது. சுத்துதா சுத்துதான்னு பார்த்தேனே ஒழிய, எந்தப் பக்கம் சுத்துதுன்னு பார்க்கல."

கண்டுபிடித்தது யார் என்கிற விஷயத்தில் எங்களுக்குள் இன்றுவரை வழக்கு நடக்கிறது. "நானே அங்கதான் வந்துக்கிட்டிருந்தேன்" என்பார். வந்தாராம். சாப்பாட்டுத் தட்டு வராமல் இருந்திருந்தால் இன்னும் வந்துகொண்டுதான் இருந்திருப்பார்.

டார்ச் அடித்துக் கீழே குனிந்தார்.  எழுந்தபோது குரல் மாறியிருந்தது.

"மோட்டார் புதுசு. பிளக்கை வெட்டி, ஒயரை மாத்தி முறுக்கி, டேப் சுத்தியிருக்கு. கம்பெனியில இருந்து இப்படி வராது." அண்ணி பக்கம் திரும்பினார். "யாருக்கா மாத்தினது?"

அண்ணி தரையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்தார்.

"காலையிலேயே கேட்டேனே, யாராவது கை வெச்சாங்களான்னு. சொல்லியிருந்தா காப்பி ஆறறதுக்குள்ள முடிச்சிருப்பேனே."

"முதல்ல ஃபேன் நின்னு போச்சு. மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு கடையில புது மோட்டார் போட்டேன். அப்புறமும் கொதிச்சுது. திரும்ப அங்க போனா, ஃபேன்தான் சுத்துதே, அப்ப இஞ்சின்தான் போச்சுன்னாங்க."

"என் பட்டறை இங்க இருக்கறப்ப நீ எதுக்கு அங்க போனே?"

அவர் அதைக் கோபமாகத்தான் கேட்டார். அண்ணி கோபப்படவில்லை. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

"போன தடவை பிரேக் சத்தம்னு வந்தேன், ஞாபகம் இருக்கா? வண்டியில அந்த ரெண்டு நர்ஸ் பொண்ணுங்களும் உட்கார்ந்திருந்தாங்க. நீ அவங்க முன்னாடியே, உனக்கு லைசென்ஸ் குடுத்தவனைத்தான் முதல்ல ஜெயில்ல போடணும்னு சொன்னே. நீ விளையாட்டுக்குத்தான் சொன்னே. எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுங்களுக்குத் தெரியாதில்ல. மறுநாள்ல இருந்து சின்னவ, கதவு மேல இருக்கற கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே வரா. அதைக் கண்ணாடியில பார்த்துக்கிட்டே தினமும் வண்டி ஓட்டறேன்."

 என் வீட்டுக்காரர் போய் இஞ்சினை அணைத்தார். பதிலுக்கு ஒன்று சொல்லாமல் அவர் விட்டது என் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.  

டேப்பைப் பிரித்து, இரண்டு ஒயரையும் இடம் மாற்றினார். வெறுமனே முறுக்காமல் ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டு, ஆடாமல் கட்டினார். ஃபேன் சுற்றியதும் தாளை வைத்தார். கிரில்லோடு தாள் ஒட்டிக்கொண்டது. பட்டறைக்குள்ளேயே நெடுநேரம் ஓடவிட்டார். ஃபேன் நின்று நின்று சுற்றியது, முள் பாதியைத் தாண்டவில்லை.

அந்த நேரத்தில்தான் புரோக்கர் வந்தார். வாய் நிறையச் சிரிப்பு, கை நிறைய சாவிக்கொத்து. அண்ணியை ஒருதரம்கூடப் பார்க்காமல் நேரே என் வீட்டுக்காரரிடம் போனார்.

"என்ன மாஸ்டர், இதுதானா வண்டி? இஞ்சின் அவுட்டுன்னு கேள்விப்பட்டேன். உங்க வீட்டு வண்டி, பார்த்துப் போட்டுக் குடுக்கறேன். என்ன சொல்றீங்க?"

அவர் வாயைத் திறந்தார். இஞ்சின் அவுட் என்றதற்கு அவரிடம் ஒரு பாரம் பதில் இருந்திருக்கும். அத்தனையையும் முழுங்கிக்கொண்டு, "என்னைக் கேட்காதீங்க. வண்டிக்காரங்க அங்க உட்கார்ந்திருக்காங்க," என்றார்.

அண்ணி எழுந்தார். "விக்கல," என்றார். புரோக்கர் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார். "விக்கலங்க. வந்ததுக்குத் தண்ணி குடிச்சுட்டுப் போங்க," என்று சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். சாயங்கால ஷிஃப்டுக்கு நர்ஸ் பெண்களை ஏற்ற நேரமாகியிருந்தது.

"நானும் வரேன்," என்றார் இவர். "நெரிசல்ல முள் எங்க நிக்குதுன்னு கண்ணால பார்த்தாதான் வேலை முடிஞ்ச மாதிரி."

"வண்டியில வாயைத் திறக்கக் கூடாது."

"திறக்கல."

இந்த அதிசயத்தைத் தவறவிட நான் என்ன முட்டாளா? வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன்.

நர்ஸ் பெண்கள் ஏறினார்கள். முன்சீட்டில் இவரைப் பார்த்ததும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மார்க்கெட் தெருவில் வழக்கமான நெரிசல். முன்னால் லாரி, பக்கத்தில் பஸ், இடுக்கெல்லாம் பைக். அண்ணி அவசரப்படாமல், யாரையும் முறைக்காமல், கிடைத்த இடத்தில் நகர்ந்து நகர்ந்து போனார். இவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பாதியிலேயே நின்றது. ஒரு பைக் குறுக்கே விழுந்தபோது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு தன் தொடையை இறுக்கிப் பிடித்தார். நான் பின்னால் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

"அக்கா, வண்டி சரியாயிடுச்சா?" என்று சின்னவள்தான் கேட்டாள்.

அண்ணி பதில் சொல்வதற்குள் இவர் சீட்டில் இருந்தபடியே திரும்பிவிட்டார். வாக்குக் கொடுத்தது நினைவுக்கு வந்து, அண்ணியைப் பார்த்து, "இது மட்டும் சொல்லிக்கறேன்," என்றார். அப்புறம் அந்தப் பெண்களிடம் சொன்னார்:

"வண்டி சரியாயிடுச்சும்மா. அன்னிக்குப் பட்டறையில நான் கத்தினேன் பாருங்க, அது என் வாய்க்கொழுப்பு. இவங்க ஓட்டறதுல ஒரு குறையும் கிடையாது. எனக்கு நாள் பூரா வண்டியோடதான் வேலை, தெரிஞ்சுதான் சொல்றேன். என் பெண்டாட்டியை நான் நம்பி ஏத்தியிருக்கேன், பாருங்க."

"என்னை நீங்க ஏத்தல, நானா ஏறினேன்," என்றேன். பெண்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். அண்ணி சிரிக்கவில்லை, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து மட்டும் விறைப்பாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், புறங்கையால் கன்னத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டு கியரை மாற்றினார்.

ஆஸ்பத்திரி வாசலில் பெண்கள் இறங்கினார்கள். "நாளைக்கு அதே நேரம்தானே அக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். அதற்குள் அண்ணியின் போன் அடித்தது. பேசிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு பேரும் இறங்குங்க. ரயில்வே ஸ்டேஷன் சவாரி வந்திருக்கு, நாலு பேர், பெட்டி வேற இருக்காம்."

"எங்களை வீட்டுல விட்டுட்டுப் போக மாட்டீங்களா அண்ணி?" என்றேன்.

"பஸ் வரும்மா, அங்கதான் ஸ்டாப்."

நாங்கள் இறங்கிக் கதவைச் சாத்தினோம். ஒரு வார்த்தை போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்து, விளக்கைப் போட்டு, பஸ்களுக்கு நடுவே நுழைந்து போயேவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையில் இருந்து இவர்கள் வண்டிக்காகச் சாப்பாடு தண்ணி இல்லாமல் நின்றது யார், இப்படி நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போனால் என்ன அர்த்தம் என்று நான் ஆரம்பித்தேன்.

இவர் அந்த வெள்ளைக் கார் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"விடுடி," என்றார். "அவளுக்கு வேலை இருக்கு."